அழித்துப் பெருகுதலும் அடங்கி உறைதலும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

    

ஒரு கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் தொய்வின்றி நடந்து வந்திருக்கிறது என்பது சிறிய செய்தியன்று. இத்தகைய விழா மேடைகளில் கல்வியின் சிறப்பினை எடுத்துரைப்போர் பலர் உளர். நாம் அதனை அவர்களுக்கு விட்டுவிட்டு, கற்றற்குரிய பொருள் ஒன்றையே எடுத்துக்கொண்டு பேச விழைகிறோம். கல்வியைப் போற்றுதற்கு அதனினும் நல்ல வழி வேறில்லை என்பது நம் கருத்து.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது, கண்ணுக்குப் புலப்படாதது. நோய்க் கிருமிகளைப் பற்றி நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அக்கிருமிகளுக்கும் நோய் உண்டு என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். பாக்டீரியாக்களைப் பற்றிக்கொள்ளும் வைரஸ்கள் உள்ளன. அவை தாம் புகுந்த உயிரணுவுக்குள் எவ்வாறு பெருகுகின்றன? பெருகாத காலங்களில் எவ்வாறு அழியாமல் நிலைத்திருக்கின்றன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம். விடை காணும்போது வாந்திபேதி ஏன் கொல்கிறது, குடிநீரை ஏன் காய்ச்ச வேண்டும், மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் மாத்திரை ஏன் தீங்காக முடியலாம் என்பனவும் விளங்கும்.

கண்டறிந்த வரலாறு

1896ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஹான்கின் என்னும் ஆங்கிலேய அறிஞர், கங்கை, யமுனை நீரில் வாந்திபேதிக் கிருமிகள் விரைவில் மடிவதைக் கண்டு எழுதினார். அந்நீரைக் காய்ச்சிய பின் சோதித்தால் அத்திறன் மறைந்துவிடுவதையும் அவர் குறித்தார். அவர் கண்டது நாம் இன்று பேசும் வைரஸ்தானா என்பதில் பிற்கால ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

1915ஆம் ஆண்டில் இலண்டனில் ஃபிரெடரிக் டுவோர்ட் என்பார், தாம் வளர்த்த பாக்டீரியாத் திட்டுகளில் சில கண்ணாடிபோல் தெளிந்து மறைவதைக் கண்டார். தெளிந்த பகுதியிற் சிறிதளவு எடுத்து நல்ல திட்டின்மீது தொட்டால் அதுவும் தெளிந்தது. 1917ஆம் ஆண்டில் பாரிசில் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் டெரெல், சீதபேதியிலிருந்து தேறிவரும் நோயாளிகளின் கழிவிலிருந்து, சீதபேதிக் கிருமிகளை அழிக்கும் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதற்கு 'பாக்டீரியோஃபேஜ்' எனப் பெயரிட்டவரும் அவரே. 'தின்னுதல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். சுருக்கமாக 'ஃபேஜ்' என்போம்.

டெரெல் பெரும்பாலும் தாமாகவே பயின்று அறிவியலுக்கு வந்தவர் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று. 1927இல் அவர் இந்தியாவுக்கு வந்து பஞ்சாபில் வாந்திபேதி நோயாளிகளிடையே ஃபேஜ் மருந்தினைச் சோதித்தார். பின்னர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகவும் விளங்கினார்.

உருவமும் அளவும்

ஃபேஜ்களில் நன்கு ஆராயப்பெற்றது நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவைத் தாக்கும் 'டி-4' என்பதாகும். பல பட்டைகள் தீட்டிய மணிபோன்ற தலை. அதன்கீழ் குழல்போன்ற வால். வாலின் அடியில் ஒரு தட்டு. அத்தட்டிலிருந்து சிலந்திக் கால்கள்போல் நீளும் 6 இழைகள். இதுவே அதன் உருவம். மொத்த நீளம் ஏறத்தாழ 200 நானோமீட்டர். அதாவது 5,000 ஃபேஜ்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். அது தாக்கும் பாக்டீரியா அதனினும் சுமார் 10 மடங்கு நீளமானது.

புரதத்தாலான தலைக்குள் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் சுருட்டி வைக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 1,69,000 இணைக் கண்ணிகள் கொண்ட அந்த இழையை நீட்டிப் பிடித்தால், அது ஃபேஜின் உடல் நீளத்தைப்போல் 250 மடங்குக்கும் மேலாக இருக்கும்! அதில் சுமார் 300 ஜீன்கள் உள்ளன. ஃபேஜ் உண்பதில்லை, மூச்சுவிடுவதில்லை, தானாக வளர்வதுமில்லை. உயிரணுவுக்கு வெளியே அது அச்சிட்டு மூடிவைத்த ஏடு. படித்து நிறைவேற்ற ஒருவர் கிடைக்கும்வரை ஏடு எதனையும் செய்வதில்லை. பாக்டீரியாவின் உயிரணுவே அதனைப் படிக்கும் இடம்.

முதல் வழி: அழித்துப் பெருகுதல்

ஒரு பாக்டீரியா இரண்டாகும், இரண்டு நான்காகும். ஃபேஜ் அவ்வாறு பெருகுவதில்லை என்பதை 1939இல் எமரி எல்லிஸ், மாக்ஸ் டெல்புரூக் ஆகிய இருவரும் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் நிறுவினர். அவர்கள் கையாண்ட முறை மிக எளியது. பாக்டீரியாக் குழம்பில் சில ஃபேஜ்களைக் கலந்து, சிறிது நேரத்திற்கொருமுறை எடுத்து எண்ணினர். அரை மணி நேரம்வரை எண்ணிக்கை ஏறவேயில்லை. பின்னர் திடீரெனப் பன்மடங்காக உயர்ந்தது. மீண்டும் அமைதி, மீண்டும் உயர்வு. படிக்கட்டுபோல் எண்ணிக்கை ஏறிற்று. உயிரணுவுக்குள் மறைவாக ஏதோ வேலை நடந்து, அது முடிந்ததும் ஒரே நேரத்தில் புதிய ஃபேஜ்கள் வெளிப்படுகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று.

அவர்கள் எண்ணிய முறையையும் கூறிவிடுவோம். கூழ்த் தட்டு ஒன்றில் பாக்டீரியாவைப் பரப்பி வளர்த்தால், அது நாற்றங்கால்போல் ஒரே சீராகப் படரும். ஃபேஜ் விழுந்த ஒவ்வோர் இடத்திலும் அப்பரப்பில் வெறும் கண்ணுக்கே தெரியும் ஒரு தெளிந்த வட்டம் தோன்றும். வட்டங்களை எண்ணினால் ஃபேஜ்களை எண்ணியதாகும். காணமுடியாததை எண்ண முடிந்தது! மின்னணு நுண்ணோக்கியில் ஃபேஜின் உருவம் புலப்படுமுன்னரே அதன் பெருக்க விதி கண்டறியப்பட்டது. எல்லிஸ் தம் ஃபேஜை எடுத்தது லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சாக்கடை நீரிலிருந்து என்பதும் குறிக்கத்தக்கது.

மறைவாக நடப்பது யாது? ஃபேஜின் இழைகள் பாக்டீரியாவின் மேற்பரப்பிலுள்ள குறிப்பிட்ட மூலக்கூறுகளைத் தேடிப் பற்றுகின்றன. பூட்டுக்கேற்ற சாவிபோல் அவை பொருந்தவேண்டும். பொருந்தாவிடின் தொற்று இல்லை. இதனாலேயே ஒருவகை ஃபேஜ் ஒருவகைப் பாக்டீரியாவை மட்டும் தாக்குகிறது. மனித உயிரணுக்களை அது தொடுவதில்லை. பற்றியபின் வாலின் மேலுறை சுருங்குகிறது, உள்ளிருக்கும் குழல் பாக்டீரியாவின் சுவரைத் துளைக்கிறது, டி.என்.ஏ. உள்ளே பாய்கிறது. புரதக் கூடு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

உள்ளே செல்வது டி.என்.ஏ.தான் என்பதை 1952இல் ஆல்பிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேசும் மெய்ப்பித்தனர். புரதத்தில் கந்தகம் உண்டு, பாஸ்பரஸ் இல்லை, டி.என்.ஏ.வில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் இல்லை. ஆகவே கதிரியக்கக் கந்தகத்தால் ஒரு தொகுதி ஃபேஜ்களின் புரதத்திற்கும், கதிரியக்கப் பாஸ்பரசால் மற்றொரு தொகுதியின் டி.என்.ஏ.வுக்கும் அடையாளமிட்டனர். பாக்டீரியாவைப் பற்றச்செய்து, பின் சமையலறை மிக்சிபோன்ற கருவியில் சுழற்றி வெளிக்கூடுகளை உதிர்த்தனர். கந்தகத்தின் பெரும்பகுதி வெளியே உதிர்ந்தது. பாஸ்பரசின் பெரும்பகுதி உள்ளே தங்கிற்று. மரபின் உறைவிடம் டி.என்.ஏ.வே என்னும் உண்மை வலுப்பெறுதற்கு இவ்வாறு ஒரு ஃபேஜ் துணைநின்றது.

டி-4இன் டி.என்.ஏ. உள்ளே புகுந்த சில நிமிடங்களில் ஆட்சி மாறுகிறது. பாக்டீரியாவின் சொந்த ஜீன்கள் படிக்கப்படுவது நின்றுபோகிறது, அதன் டி.என்.ஏ. துண்டாடப்பட்டு, அத்துண்டுகளே புதிய ஃபேஜ்களுக்கு மூலப்பொருளாகின்றன. முதலில் படியெடுக்கும் நொதிகள் உருவாகின்றன. அடுத்து ஃபேஜின் டி.என்.ஏ. நூற்றுக்கணக்கிற் படியெடுக்கப்படுகிறது. அதன்பின் தலை, வால், இழை ஆகிய உறுப்புகள் தனித்தனியே செய்யப்படுகின்றன. வெற்றுத் தலைக்குள் டி.என்.ஏ.வைத் திணிப்பதற்கென்றே ஆற்றல் செலவிட்டு இயங்கும் புரத எந்திரம் ஒன்றுண்டு. தலை நிறைந்தபின் வால் பொருந்துகிறது. இழைகள் கடைசியாக இணைகின்றன. தொற்றிய சுமார் 12 நிமிடங்களில் முதல் முழு ஃபேஜ் உருவாகிவிடுகிறது. அதற்கு முன் உயிரணுவை உடைத்துப் பார்த்தால் ஒரு முழு ஃபேஜும் கிடைக்காது.

வெளியேறுதலும் காலம் குறித்தே நடக்கிறது. ஒரு புரதம் பாக்டீரியாவின் உட்சவ்வில் துளைகளைத் திறக்கிறது. அதன்வழி மற்றொரு நொதி வெளிவந்து சுவரைக் கரைக்கிறது. உயிரணு வெடிக்கிறது. அரை மணிக்குள் 100க்கும் மேற்பட்ட ஃபேஜ்கள் வெளிப்படுகின்றன. இதனைச் சிதைவுச் சுழற்சி என்பர்.

கணக்கிட்டுப் பாருங்கள். 20 நிமிடங்களுக்கொருமுறை இரட்டிக்கும் பாக்டீரியா ஒன்று 2 மணி நேரத்தில் 64 ஆகும். அரை மணிக்கு 100 மடங்காகும் ஃபேஜ் ஒன்று, தாக்குதற்குப் போதிய பாக்டீரியாக்கள் இருப்பின், அதே 2 மணி நேரத்தில் 10 கோடியாகும்!

இரண்டாம் வழி: அடங்கி உறைதல்

இங்கே ஒரு வினா எழுகிறது. இத்தனை விரைவில் அழித்துக்கொண்டே சென்றால் ஃபேஜ் தானும் அழியுமன்றோ? பாக்டீரியா தீர்ந்துபோன இடத்தில் ஃபேஜுக்கு வாழ்வில்லை. வெயிலிலும் வறட்சியிலும் அதன் கூடு சிதையும். விதைநெல்லையும் சேர்த்துக் குத்தித் தின்ற குடும்பத்தின் நிலைதான் அதற்கும்.

இதற்கு விடையாக அமைந்த செய்தியைப் பல ஆண்டுகள் அறிஞர்கள் நம்பவில்லை. சில பாக்டீரியா வகைகள் நலமாகவே வளரும். ஆயினும் அவற்றின் குழம்பில் எப்போதும் சிறிது ஃபேஜ் காணப்படும். வெளியிலிருந்து ஒட்டிய மாசு என்று பலர் ஒதுக்கினர். பாரிசில் ஆந்திரே லுவோஃப், பாசில்லஸ் மெகாடீரியம் என்னும் பெரிய பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்தார். நுண்ணோக்கியின்கீழ் ஒரே ஓர் உயிரணுவைத் துளியிலிட்டு, அது பிளவுபடுந்தோறும் ஒன்றை மட்டும் புதுத் துளிக்கு மாற்றினார். சுற்றியுள்ள நீரில் ஃபேஜ் இல்லை. ஆயினும் அதன் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக ஃபேஜை உண்டாக்கும் ஆற்றலைக் காத்து வந்தன. 1950இல் அவரும் உடனுழைத்தோரும் புற ஊதாக் கதிரைச் செலுத்தியபோது, அப்பாக்டீரியாக்கள் ஏறத்தாழ அனைத்தும் ஒருசேர வெடித்து ஃபேஜ்களைச் சொரிந்தன. உறங்கிக் கிடந்தது விழித்தது! உறங்கும் அவ்வடிவத்திற்குப் 'புரோஃபேஜ்' என்றும், அதனைத் தாங்கிய பாக்டீரியாவின் நிலைக்கு 'லைசோஜெனி' என்றும் பெயர்.

இந்நிலையின் நுட்பங்கள் 'லாம்டா' என்னும் ஃபேஜில் விளங்கின. அதனை ஈ. கோலையில் கண்டறிந்தவர் எஸ்தர் லெடர்பர்க் என்னும் பெண் அறிஞர். 48,502 இணைக் கண்ணிகளே கொண்டது அதன் டி.என்.ஏ. உள்ளே புகுந்ததும் அதன் இரு முனைகளும் ஒட்டி வளையமாகின்றன. பின் ஒரு நொதியின் உதவியால், பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் குறிப்பிட்டதோர் இடத்தில் அது தன்னைச் செருகிக்கொள்கிறது. பாக்டீரியாவின் மொத்த மரபுப்பொருளில் அது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. பாக்டீரியா தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போதெல்லாம் லாம்டாவும் படியெடுக்கப்படுகிறது. ஒரு கூடும் செய்யாமல், ஓர் உயிரணுவையும் உடைக்காமல், அது இலட்சக்கணக்கான வழித்தோன்றல்களுக்குப் போய்ச் சேர்கிறது.

மாமரத்துப் புல்லுருவியை நாம் அறிவோம். புல்லுருவியாவது வெளியே தெரியும், வெட்டி எறியலாம். புரோஃபேஜ் மரத்தின் விதைக்குள்ளேயே புகுந்துகொண்ட புல்லுருவி.

உறங்கும் நிலையைக் காப்பது எது? சி-1 என்னும் புரதம். இதனை அடக்கி எனலாம். 1967இல் மார்க் டாஷ்னே அதனைப் பிரித்தெடுத்தார். அது லாம்டாவின் டி.என்.ஏ.வில் இரு இடங்களில் அமர்ந்து, அழிவுக்குரிய ஜீன்களைப் படிக்கவொட்டாமல் தடுக்கிறது. தன்னை உண்டாக்கும் ஜீனை மட்டும் படிக்க விடுகிறது. வெளியிலிருந்து மற்றொரு லாம்டா வந்து புகுந்தாலும், அதன் ஜீன்களையும் அதே அடக்கி கட்டிவிடுகிறது. ஆகவே புரோஃபேஜைச் சுமக்கும் பாக்டீரியாவை அதே இனத்து ஃபேஜ் கொல்ல இயலாது. உள்ளிருப்பவன் வீட்டையும் காவல் காக்கிறான்!

கூழ்த் தட்டிலேயே இவ்வேறுபாட்டைக் காணலாம். டி-4 இடும் வட்டம் முற்றும் தெளிவாயிருக்கும். லாம்டா இடும் வட்டத்தின் நடுவே மங்கிய படலம் தெரியும். அங்கே பிழைத்து வளர்பவை புரோஃபேஜைத் தாங்கிய பாக்டீரியாக்கள். ஈராயிரம் பக்க நூல் சொல்வதை அந்த மங்கிய வட்டம் சொல்லிவிடுகிறது.

வழியைத் தேர்வது எங்ஙனம்?

மூளையோ நரம்போ இல்லாத ஃபேஜ், இரு வழிகளுள் ஒன்றை எவ்வாறு தேர்கிறது? சி-2 என்னும் மற்றொரு புரதமே தராசின் முள். அது நிலைத்தால் அடக்கி உருவாகும், உறக்கம் நேரும். அது சிதைந்தால் அழிவு வழி திறக்கும். நன்கு உண்டு செழித்த பாக்டீரியாவில் புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் சுறுசுறுப்பாக இருக்கும்; சி-2 விரைவில் அழியும். பட்டினியால் வாடும் பாக்டீரியாவில் சி-2 நிலைக்கும். ஒரே பாக்டீரியாவில் பல ஃபேஜ்கள் ஒருங்கே புகுந்தாலும் சி-2 மிகும். பல ஃபேஜ்கள் ஓர் உயிரணுவில் வந்து நெருக்குகின்றன என்றால், வெளியே பாக்டீரியா அருகிவிட்டது என்பது பொருள். அப்போது அழிப்பதைவிட அடங்குவதே நன்று. சிந்தனையின்றி, மூலக்கூறுகளின் கூடுதல் குறைவினாலேயே இத்தீர்ப்பு வழங்கப்படுகிறது.

2017இல் இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர் மேலும் வியப்பான ஒன்றைக் கண்டனர். பாசில்லஸ் இனத்தைத் தாக்கும் ஒருவகை ஃபேஜ், தொற்றுந்தோறும் 6 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு மூலக்கூறு ஒன்றை வெளிவிடச் செய்கிறது. பின்னால் வரும் ஃபேஜ்கள் அதன் அளவுக்கேற்ப அழிவையோ உறக்கத்தையோ மேற்கொள்கின்றன. முன்சென்றவர் பின்வருவோருக்கு விட்டுச் செல்லும் செய்தி அது.

உறக்கம் கலைவதற்கும் விதி உண்டு. புற ஊதாக் கதிராலோ வேறு காரணத்தாலோ பாக்டீரியாவின் டி.என்.ஏ. முறிந்தால், 'ரெக்-ஏ' என்னும் பாக்டீரியாப் புரதம் விழிப்படைந்து, பழுது நீக்கும் பணியைத் தொடங்கும். அதன் தூண்டுதலால் ஃபேஜின் அடக்கியும் தன்னைத் தானே அறுத்துக்கொள்கிறது. கட்டவிழ்ந்த லாம்டா, செருகிய இடத்திலிருந்து தன்னைக் கழற்றிக்கொண்டு, சிதைவுச் சுழற்சியில் இறங்கி, வீடு இடியுமுன் வெளியேறுகிறது.

இவ்விரு வழிகளோடு இடைப்பட்ட வழிகளும் உண்டு. 'பி-1' என்னும் ஃபேஜ் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் செருகிக்கொள்ளாமல், தனி வளையமாகவே உள்ளே தங்கித் தலைமுறைகளைக் கடக்கிறது. 'எம்-13' என்னும் நூல்போன்ற ஃபேஜ் பாக்டீரியாவைக் கொல்லாமலே அதன் சவ்வின் வழியாக ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. பாக்டீரியா மெலிந்து மெல்ல வளரும், மடிவதில்லை.

பாக்டீரியாவும் வாளாவிருப்பதில்லை. அன்னிய டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் நொதிகள் அதனிடம் உண்டு. அவற்றைப் பற்றிய ஆய்வுக்காக ஆர்பர், நேத்தன்ஸ், ஸ்மித் ஆகிய மூவர் 1978இல் நோபல் பரிசு பெற்றனர். முன்பு தாக்கிய ஃபேஜின் டி.என்.ஏ.த் துண்டைத் தன் மரபுப்பொருளில் சேமித்து, மறுமுறை அது வந்தால் அடையாளங்கண்டு வெட்டும் 'கிரிஸ்பர்' என்னும் காப்பும் உண்டு. 2007இல் அதனை மெய்ப்பித்தது தயிர், பாலாடைக்கட்டி செய்ய உதவும் பாக்டீரியாவில்தான்.

உறங்கும் வைரஸ் தரும் நஞ்சு

இதுவரை பாக்டீரியாவின் கதை. இனி நம் கதைக்கு வருவோம்.

புரோஃபேஜ் வெறுமனே உறங்குவதில்லை. சில வேளைகளில் அது தாங்கிய ஜீன்கள் பாக்டீரியாவுக்குப் புதிய ஆற்றல் தருகின்றன. 1951இல் விக்டர் ஃபிரீமன், நஞ்சற்ற தொண்டை அடைப்பான் கிருமி, ஒரு ஃபேஜ் தொற்றியபின் நஞ்சுடையதாக மாறுவதைக் காட்டினார். குழந்தைகளைக் கொன்று குவித்த அந்நஞ்சின் ஜீன் பாக்டீரியாவினுடையதன்று. அதனுள் உறையும் வைரசினுடையது! நம் பிள்ளைகளுக்கு இடும் முத்தடுப்பு ஊசியில் ஒன்று அந்நஞ்சுக்கு எதிரானதே.

வாந்திபேதியும் அத்தகையதே. 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்னும் நம் நாட்டு அறிஞர், வாந்திபேதிக் கிருமி வெளியிடும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளிப்பாயச் செய்கிறது என்று, முயலின் குடற்பகுதியில் சோதித்து நிறுவினார். அந்நஞ்சின் ஜீன்கள் எங்கிருந்து வந்தன? 1996இல் அமெரிக்காவில் வால்டோர், மெகாலனாஸ் என்போர் விடை கண்டனர். நூல்போன்ற ஃபேஜ் ஒன்றே அவற்றைக் கொணர்ந்து பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் செருகியிருந்தது. ஒருவகை ஃபேஜ் வாந்திபேதிக் கிருமியை அழிக்கிறது. மற்றொரு வகை ஃபேஜ் அதற்கு நஞ்சு கொடுத்து நம்மைக் கொல்ல வைக்கிறது. அழித்துப் பெருகுவதும் அடங்கி உறைவதும் நம் வாழ்வோடு எத்துணை நெருங்கியவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஹான்கின் கண்டதை எடுத்துக்காட்டி, ஆற்று நீர் தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும், புனித நீருக்குக் கேடில்லை என்று அறிவியலின் பெயரால் பேசுவோர் உளர். எண்ணிப் பாருங்கள். பாக்டீரியா இருக்குமிடத்தில்தான் ஃபேஜ் பெருகும். குடல் பாக்டீரியாவின் ஃபேஜ் நீரில் மிகுந்திருந்தால், அந்நீரில் மலக் கழிவு கலந்துள்ளது என்றே பொருள். நீரின் மாசினை அளக்க ஆய்வுக் கூடங்கள் அந்த ஃபேஜையே அடையாளமாகக் கொள்கின்றன. வங்கதேசத்தின் டாக்கா நகரில் நடந்து 2005இல் வெளிவந்த ஆய்வுகளும் இதனையே காட்டின. வாந்திபேதி பரவியபின்தான் அதன் ஃபேஜ்கள் நீரில் பெருகின. அவை பெருகியபின் நோய் தணிந்தது. ஃபேஜ் வந்து சேருமுன் மக்கள் நோயுற்றுவிட்டனர். ஆகவே நீரைத் தூய்மையாக்குவது அதன் பெயரோ புராணமோ அன்று. மூடிய கழிவுநீர்க் குழாயும், குளோரினும், காய்ச்சும் அடுப்புமே.

தீட்டு என்பது பிறப்பில் இல்லை என்பதற்கும் இது போதிய சான்று. வாந்திபேதிக் கிருமி எவர் குடலிலும் ஒன்றுபோலவே பெருகும். சாக்கடை கலந்த நீர் எந்தத் தெருவுக்கு வருகிறதோ அந்தத் தெருவில் நோய் வரும். குடிநீர்க் குழாய் கடைசியாக வந்து சேர்ந்த தெருக்களில் வாழ்ந்த நாம் இதனை நன்கறிவோம். கழிவினைக் கையால் அள்ளச் செய்வதை 1993, 2013 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் தடை செய்துள்ளன. அத்தடை முழுமையாக நிறைவேற வேண்டும் என்பது மானத்தின் கோரிக்கை மட்டுமன்று, மருத்துவத்தின் கோரிக்கையுமாகும்.

மருந்தாகும் வைரஸ்

எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியாக்கள் பெருகிவரும் இக்காலத்தில், ஃபேஜை மருந்தாக்கும் முயற்சி புத்துயிர் பெற்றிருக்கிறது. ஜார்ஜிய நாட்டின் திபிலிசி நகரில் 1923இல் தோன்றிய எலியாவா நிலையம் அப்பணியை இடைவிடாது செய்துவருகிறது. மருந்துக்கு எந்த ஃபேஜைத் தேர்வது? அழித்துப் பெருகும் வகையை மட்டுமே. அடங்கி உறையும் வகையைக் கொடுத்தால், அது கிருமியைக் கொல்லாமல் உள்ளே தங்கி, அதே இனத்து ஃபேஜிலிருந்து அதனைக் காக்கும். நஞ்சு ஜீனையும் கொணரக்கூடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஈ. கோலையில் கொடிய வகை ஒன்றுண்டு. 2001இல் முழுதும் படிக்கப்பட்ட அவ்வகைக் கிருமி ஒன்றன் டி.என்.ஏ.வில் 18 புரோஃபேஜ்கள் காணப்பட்டன. இரத்த பேதியை விளைக்கும் அதன் நஞ்சின் ஜீனும் புரோஃபேஜில் உள்ளது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில மருந்துகள் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைத் தாக்குவன. டி.என்.ஏ. முறிந்தால் புரோஃபேஜ் விழிக்கும் என்று மேலே கண்டோம். விழித்தால் நஞ்சும் பெருகும். ஆய்வுக் கூடத்திலும் எலிகளிலும் இது காட்டப்பட்டுள்ளது. வயிற்றுப்போக்கு என்றதும் மருத்துவரைக் கேளாமல், கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தல் எத்துணை ஆபத்து என்பதை உணருங்கள். முதலில் கொடுக்கவேண்டியது உப்பு சர்க்கரைக் கரைசல். அடுத்து நாடவேண்டியது மருத்துவரை.

மாணவர்களுக்கு

மாணவச் செல்வங்களே! இவ்வரலாற்றில் உங்களுக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. தட்டில் தோன்றிய வட்டங்களை எண்ணியவர்கள் உயிரியலையே மாற்றி அமைத்தனர். டெல்புரூக், ஹெர்ஷி, லூரியா ஆகியோருக்கு 1969இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் தொடக்கத்திற் கையாண்டவை கண்ணாடித் தட்டு, கூழ், சாக்கடை நீர், பொறுமை ஆகியனவே. பிறர் மாசு என்று ஒதுக்கியதை லுவோஃப் ஒதுக்காமல் ஆராய்ந்தார். 1965இல் ஜேக்கப், மோனோ ஆகியோருடன் அவரும் நோபல் பரிசு பெற்றார். பெரிய பொருட்செல்வம் இல்லாதவர் அறிவியலுக்கு ஆகார் என்று எவரேனும் கூறினால், இவர்களைச் சுட்டிக் காட்டுங்கள்.

இவ்வெள்ளி விழா ஆண்டில் கழகத்தாருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. நம் விடுதிகளிலும் தெருக்களிலும் வரும் குடிநீரை நம் மாணவர்களே ஆசிரியர் துணையோடு மாதந்தோறும் சோதித்து, முடிவினைப் பதிவேட்டில் எழுதிவைக்கும் ஒரு சிறு ஆய்வுக் கூடம் அமைத்துத் தருக. நீர் கெட்டிருக்கிறது என்று நாம் வாயாற் சொல்லும்போது கேளாத அலுவலகம், பதிவேட்டோடு சென்று சொல்லும்போது கேட்டே ஆகவேண்டும். அப்பதிவேட்டினை எழுதும் கைகளிலிருந்து நாளைய நுண்ணுயிர் அறிஞர்கள் தோன்றுவர் என்று உறுதியாக நம்புகிறோம்.